இருபத்தோர் இலக்கங்கள் கொண்ட ஓர் எண்



சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவன் அரசனிடம் நெல்மணிகளைப் பரிசாகக் கேட்ட கதையை நாம் எல்லோரும் சிறு வகுப்பிலேயே கேட்டிருக்கிறோம். முதற் கட்டத்திற்கு ஒரு மணி, இரண்டாம் கட்டத்திற்கு இரண்டு, மூன்றாம் கட்டத்திற்கு நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால், அறுபத்து நான்காம் கட்டத்திற்கு வருமுன்னே அரசனின் களஞ்சியம் காலியாகிவிடும். அந்தப் பலகையில் இன்னும் மூன்று கட்டங்கள் கூடுதலாக இருந்தன என்று வைத்துக்கொள்வோம். அறுபத்தேழு கட்டங்களிலும் உள்ள மணிகளை எல்லாம் கூட்டினால் வரும் எண்ணே எங்கள் கட்டுரையின் நாயகி.

147,573,952,589,676,412,927

எண்ணிப் பாருங்கள், இருபத்தோர் இலக்கங்கள். நம் வழக்கப்படி சொன்னால் ஏறத்தாழப் பதினான்கு இலட்சத்து எழுபத்தையாயிரம் கோடி கோடி. அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்த விடையில் ஒன்றைக் கழித்தாலும் இதே எண் கிடைக்கும். ஆகவே கணித நூல்களில் இதனை 2⁶⁷ − 1 என்று சுருக்கமாக எழுதுவர்.

ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் எங்கள் கணித ஆசிரியையான சிஸ்டர் இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "இது பகா எண்ணா, பகு எண்ணா?" என்று மட்டும் கேட்டார். தன்னாலும் ஒன்றாலும் அன்றி வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண் என்பது ஆறாம் வகுப்புத் தங்கைகளுக்கும் தெரியும். எனவே உற்சாகமாகத் தொடங்கினோம்.

கடைசி இலக்கம் 7. ஆகவே 2-ஆலும் 5-ஆலும் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் 109. அது 3-ஆல் வகுபடாது, எண்ணும் வகுபடாது. 7-க்கு ஒருத்தி அழகான வழி சொன்னாள். 2³ என்பது 8. அதை 7-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே மும்மூன்று இரண்டுகளாகச் சேர்த்துச் சேர்த்து நீக்கிவிடலாம். அறுபத்தேழில் இருபத்திரண்டு மும்மூன்றுகள் போக ஓர் இரண்டு மிஞ்சும். அதில் ஒன்றைக் கழித்தால் மீதி 1. ஆகவே 7-உம் தோற்றது. 11, 13, 17 என்று மேலே போனோம். மணி அடித்துவிட்டது. "சிஸ்டர், இது பகா எண்தான்" என்று முன் வரிசையினர் முடிவாகக் கூறிவிட்டனர். "பரவாயில்லை, உங்களுக்கு முன்னே ஒரு பெரியவரும் அப்படித்தான் சொன்னார்" என்று சிரித்துக்கொண்டே சிஸ்டர் போய்விட்டார்.

அந்தப் பெரியவர் ஒரு துறவி. பெயர் மரேன் மெர்சென். 1588-இல் பிரான்சு நாட்டில் பிறந்து, இயேசு சபையாரின் கல்லூரியில் பயின்று, பவுலா ஊர் புனித பிரான்சிஸ் நிறுவிய மினிம் சபையில் சேர்ந்தவர். பாரிஸ் நகரில் அவர் வாழ்ந்த மடத்தின் சிற்றறை அக்காலத்துக் கணித உலகிற்கு ஓர் அஞ்சல் நிலையம் போல இருந்தது எனலாம். டேக்கார்ட், பெர்மா முதலிய அறிஞர் பலரும் தம் கண்டுபிடிப்புகளை அவருக்கு எழுதுவர்; அவர் ஒருவர் எழுதியதை மற்றவருக்குத் தெரிவிப்பார்.

மெர்சென் ஏன் இத்தகைய எண்களைத் தேடினார்? அதற்கு நிறைவு எண்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 6-ஐ மீதியின்றி வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3. அவற்றைக் கூட்டினால் 6 தானே திரும்ப வருகிறது. 28-உம் அப்படியே: 1, 2, 4, 7, 14 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 28. இறைவன் உலகை ஆறு நாளில் படைத்ததையும் ஆறு என்னும் எண்ணின் இந்த நிறைவையும் சேர்த்துப் புனித அகுஸ்தினார் தம் "கடவுளின் நகரம்" என்னும் நூலில் எழுதியிருக்கிறார். இவ்வெண்களைச் செய்யும் வழியை யூக்ளிட் முன்னமே காட்டிவிட்டார். இரண்டின் அடுக்கில் ஒன்றைக் கழித்து வருவது பகா எண்ணாயின், அதனை முந்திய அடுக்கால் பெருக்கினால் நிறைவு எண் கிடைக்கும். 3 × 2 = 6, 7 × 4 = 28, 31 × 16 = 496, 127 × 64 = 8128. ஆகவே புதிய நிறைவு எண் வேண்டுமானால் 3, 7, 31, 127 என்னும் இக்குடும்பத்தில் புதிய பகா எண்ணைத் தேட வேண்டும்.

அடுக்கு பகு எண்ணாக இருந்தால் முயற்சி வீண். 2⁶ − 1 என்பது 63. அது உடனே உடைகிறது. அடுக்கு பகா எண்ணாக இருந்தால்? 2, 3, 5, 7 ஆகிய நான்கிற்கும் சரியாக வருகிறது. எங்கள் வகுப்பில் பாதிப்பேர் இந்த இடத்திலேயே விதியை எழுதி அடிக்கோடும் இட்டுவிட்டார்கள். அடுத்த பகா எண்ணான 11-ஐப் போட்டுப் பார்த்தபோது வருவது 2047. அது 23 × 89. போட்ட கோட்டை அழிப்பதைவிட வேறு வழி இல்லை.

1644-இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில் மெர்சென் ஒரு பட்டியல் தந்தார். 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்று மட்டுமே பகா எண்ணைத் தரும், மற்றவை தரா என்றார். 2²⁵⁷ என்பது எழுபத்தெட்டு இலக்கங்கள் கொண்டது. அதை அவர் வகுத்துப் பார்த்திருக்க முடியாது என்பது அன்றே அறிஞர்களுக்குத் தெரியும். ஆயினும் மறுக்கவும் ஒருவராலும் முடியவில்லை. ஆய்லர் என்னும் பேரறிஞர் 31-ஆம் அடுக்கு சரியே என்று மெய்ப்பித்தது 1772-இல். அப்போதே நூற்று இருபத்தெட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. 67 அப்படியே நின்றது.

இனி வருவதுதான் எங்களை மிகவும் குழப்பிய பகுதி. 1876-இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த எட்வார் லூக்காஸ் என்பவர் 2⁶⁷ − 1 பகா எண் அன்று என்று காட்டினார். ஆனால் அது எந்த எண்ணால் வகுபடும் என்று அவர் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது! "வகுக்கும் எண்ணே தெரியாதபோது வகுபடும் என்று எப்படிச் சொல்ல முடியும்? பானை உடைந்திருக்கிறது, விரிசல் எங்கே என்று தெரியாது என்பதா?" என்று நாங்கள் சிஸ்டரிடம் வாதாடினோம். "பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறார்களே உங்கள் அம்மா, அவர்கள் விரிசலைத் தேடியா பார்க்கிறார்கள்?" என்றார் சிஸ்டர்.

லூக்காஸ் கண்ட அந்தத் தட்டிப் பார்க்கும் முறையை 1930-இல் லேமர் என்னும் அமெரிக்கர் எளிய வடிவில் அமைத்தார். அது இதுதான். 4-இல் தொடங்குங்கள். அதை வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் வர்க்கம், மீண்டும் 2-ஐக் கழித்தல், மீண்டும் மீதி. அடுக்கைவிட இரண்டு குறைந்த முறை இவ்வாறு செய்தபின் மீதி பூச்சியமானால் அது பகா எண். இல்லையேல் பகு எண்.

31-ஐச் சோதிப்போம். அது 2⁵ − 1. ஆகவே மூன்று முறை. 4 × 4 − 2 = 14. 14 × 14 − 2 = 194; 31-ஆல் வகுக்க மீதி 8. 8 × 8 − 2 = 62; மீதி பூச்சியம். 31 பகா எண்ணே. இனி 2047. இதற்கு ஒன்பது முறை. நாங்கள் செய்தபோது வந்த மீதிகள் வரிசையாக 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசியில் பூச்சியம் இல்லை. ஆகவே 2047 பகு எண். இந்த வரிசையில் 23 எங்கே, 89 எங்கே என்று தேடிப் பாருங்கள். எங்கும் இல்லை. உடைசல் ஒலி மட்டும் கேட்கிறது. இது ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கான மெய்ப்பு எங்கள் பாடத்திற்கு அப்பாற்பட்டது. சிஸ்டர் சொல்லத் தொடங்கினார், இரண்டாம் வரியிலேயே நாங்கள் பின்தங்கிவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆக 1876 முதல் எல்லோருக்கும் தெரியும், இவ்வெண் உடையும் என்று. எங்கே உடையும் என்று ஒருவருக்கும் தெரியாது. 1883-இல் பெர்வூஷின் என்னும் ருஷ்ய நாட்டுக் குருவானவர், மெர்சென் பட்டியலில் இல்லாத 61-ஆம் அடுக்கு பகா எண்ணைத் தருகிறது என்று காட்டியபோது, "மெர்சென் 61 என்றே எழுதியிருப்பார், அச்சுக் கோத்தவர் 67 ஆக்கிவிட்டார்" என்று கூடச் சிலர் சொன்னார்கள். எங்களுக்கு அச்சமாதானம் அவ்வளவு பொருத்தமாகத் தோன்றவில்லை. 89, 107 ஆகியவையும் பட்டியலில் விடுபட்டவை என்றும், 257 தவறாகச் சேர்ந்தது என்றும் பின்னர்த் தெரியவந்தன. மொத்தம் ஐந்து பிழைகள். எல்லாவற்றிற்கும் அச்சகத்தாரையே குறை கூறலாகாது அன்றோ?

1903-ஆம் ஆண்டு அக்டோபர் 31. நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றிப் பிராங்க் நெல்சன் கோல் என்னும் பேராசிரியர் கட்டுரை படைக்க வேண்டும். அவர் எழுந்து கரும்பலகைக்குச் சென்று, ஒரு சொல்லும் பேசாமல், இரண்டின் அறுபத்தேழாம் அடுக்கைக் கணக்கிட்டு ஒன்றைக் கழித்தாராம். பின்பு பலகையின் வேறிடத்தில்

193,707,721 × 761,838,257,287

என்று எழுதி முறையாகப் பெருக்கிக் காட்டினாராம். இரண்டு விடைகளும் ஒன்றாயிருந்தன. பேசாமலே தம் இடத்திற்குத் திரும்பி அமர்ந்தார். அவையோர் கைதட்டினர். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இதனை எழுதி வைத்தவர் பெல் என்னும் கணித வரலாற்றாசிரியர். நிகழ்ச்சி நடந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து 1951-இல் எழுதினார் என்பதால் சற்று வண்ணம் பூசியிருக்கவும் கூடும். ஆனால் அந்த இரண்டு எண்கள் உண்மை. இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்று பிற்பாடு பெல் கேட்டபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் கூறினாராம்.

"அப்படியானால் அவர் பூசைக்குப் போகவில்லையா, சிஸ்டர்?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "பூசை ஒரு மணி நேரம்தான். மீதி நேரத்தில் நீ என்ன செய்கிறாய்?" என்று சிஸ்டர் திருப்பிக் கேட்டதும் வகுப்பு அமைதியாயிற்று.

கோல் செய்ததை நாமும் செய்து பார்ப்போம் என்று எங்களில் ஐவர் முடிவு செய்தோம். கைக்கணிப்பானில் போட்டால் அது முதல் பத்து இலக்கங்களைக் காட்டிவிட்டு மற்றவற்றை விழுங்கிவிடுகிறது. ஆகவே சாக்கட்டிதான் துணை. பெரிய எண்ணை மேலே எழுதி 193707721-ஆல் பெருக்க வேண்டும். பார்க்கத்தான் மலைப்பு. அதிலுள்ள இலக்கங்கள் 1, 2, 3, 7, 9, பூச்சியம் ஆகியவையே. ஏழு மட்டும் மூன்று முறை வருகிறது. ஆகவே 2, 3, 7, 9 என நான்கு பெருக்கல்கள் போதும். நால்வர் ஆளுக்கு ஒன்று செய்தோம். ஏழின் வரிசை 5,332,867,801,009 என்று வந்தது. ஐந்தாமவள் எல்லாவற்றையும் இடம் பார்த்து எழுதிக் கூட்டினாள்.

விடையின் முதல் மூன்று இலக்கங்கள் 147. கடைசி நான்கு 2927. இரண்டும் பொருந்தின! கைதட்டிவிட்டோம். பின்புதான் நடு இலக்கங்களைப் பார்த்தோம். எதுவும் பொருந்தவில்லை.

பிழை எங்களுடையதா, புத்தகத்தினுடையதா? இலக்கங்களைக் கூட்டி ஒன்பதால் வகுத்துப் பார்க்கும் சோதனையைச் செய்தோம். சிறிய எண்ணின் இலக்கக் கூட்டல் 37, மீதி 1. பெரிய எண்ணின் கூட்டல் 64, மீதி 1. ஆகவே பெருக்கலின் மீதியும் 1 ஆக வேண்டும். எங்கள் விடையின் மீதி 1. வரிசை வரிசையாகச் சோதித்தோம், எல்லாம் சரி. "நம் கணக்கில் குற்றமில்லை. புத்தகத்தில்தான் ஏதோ எண் மாறி அச்சாகியிருக்கிறது" என்று எங்களில் இருவர் உறுதியாகச் சொன்னார்கள். மெர்சென் சுவாமியாரின் அச்சகத்தாரைப் பற்றிச் சற்று முன் நாங்கள் பேசியதெல்லாம் அப்போது நினைவிற்கு வரவில்லை.

எங்களைச் சேராமல் சன்னலருகே தையல் வேலை செய்துகொண்டிருந்த தோழி ஒருத்தி, "பதினொன்றால் பாருங்களேன்" என்றாள். வலமிருந்து தொடங்கி இலக்கங்களை மாறி மாறிக் கூட்டியும் கழித்தும் பார்க்கும் சோதனை அது. சிறிய எண்ணின் மீதி 9; பெரிய எண்ணின் மீதி 8. 9 × 8 = 72; பதினொன்றால் வகுக்க மீதி 6. சிஸ்டர் எழுதித் தந்த இருபத்தோர் இலக்க எண்ணின் மீதியும் 6. புத்தகம் தப்பித்தது. எங்கள் விடையின் மீதி பூச்சியம்.

பிழை பூச்சியத்தில்தான் இருந்தது. 193707721-இல் நடுவே உள்ள பூச்சியத்திற்கு வரிசை எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டவள், அடுத்த வரிசையை ஓரிடம் தள்ளி எழுதவும் மறந்துவிட்டாள். அதாவது நாங்கள் பெருக்கியது 19377721-ஆல். ஒன்பது சோதனை ஏன் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை? 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், ஓர் இலக்கம் எந்த இடத்தில் நின்றாலும் ஒன்பதுக்கு ஒன்றுதான். இடம் மாறினாலும் அது கவலைப்படாது. பதினொன்றோ இடத்திற்கு இடம் கூட்டலையும் கழித்தலையும் மாற்றுவது. ஓரிடம் நழுவினாலும் கண்டுகொள்ளும். விடையில் எத்தனை இலக்கங்கள் என்று எண்ணியிருந்தாலே போதும், இருபதுதான் இருந்தன. அதை ஐவரில் ஒருவரும் செய்யவில்லை. கூட்டியவள் யார் என்று கேட்காதீர்கள். இதை எழுதும் கைதான் அது.

மறுமுறை தையல்காரத் தோழியையும் சேர்த்துக்கொண்டோம். முக்கால் மணி நேரத்தில் இருபத்தோர் இலக்கங்களும் ஒன்று விடாமல் வந்து நின்றன.

அப்போதுதான் எங்களுக்கு ஒரு செய்தி உறைத்தது. சரிபார்க்க எங்களுக்கு ஆனது முக்கால் மணி நேரம். கண்டுபிடிக்க அவருக்கு ஆனது மூன்று ஆண்டு. ஏன் இவ்வளவு வேறுபாடு? தேடுவது எப்படி என்று பார்த்தோம். எல்லா எண்களாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. 2047-இன் காரணிகளான 23-ஐயும் 89-ஐயும் 22-ஆல் வகுத்துப் பாருங்கள். இரண்டிலும் மீதி 1. 22 என்பது 11-இன் இரு மடங்கு. இக்குடும்பத்தில் எப்போதும் இப்படியே நடக்கும் என்பது 1640-இல் பெர்மா கண்ட உண்மை. எங்கள் எண்ணுக்கு 67-இன் இரு மடங்கு 134. ஆகவே 135, 269, 403 என்று 134-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிய எண்களை மட்டும் பார்த்தால் போதும். அவற்றிலும் 8-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 வருவனவே தேறும், பாதி கழிந்துவிடும்.

கோலின் சிறிய காரணியில் ஒன்றைக் கழித்து 134-ஆல் வகுத்தோம். 1,445,580 வந்தது. மீதி இல்லை! பெர்மா சொன்னது இவ்வளவு பெரிய எண்ணிலும் நிற்பதைக் கண்டபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல இயலாது. ஆனால் அந்த இடத்தை அடையுமுன் பாதியைக் கழித்தும் ஏழு இலட்சத்து இருபத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்ட எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டுகளில் ஞாயிற்றுக்கிழமைகள் நூற்றைம்பத்தாறு. ஒரு ஞாயிற்றுக்கு நான்காயிரத்து அறுநூறு வகுத்தல்! 3, 5, 7 ஆகியவற்றால் வகுபடுவனவற்றை நீக்கினாலும் இரண்டாயிரத்திற்குக் குறையாது. எந்த மனிதராலும் ஆகாத காரியம். ஆகவே கோல் வெறுமனே வகுத்துக்கொண்டிருக்கவில்லை. ஓர் எண் எவற்றை எல்லாம் வகுத்தியாகக் கொள்ள முடியாது என்று வர்க்க எண்களின் மீதிகளைக் கொண்டு சல்லடை போட்டுச் சலித்து, மிச்சத்தை மட்டுமே சோதித்தார். அவருடைய பொறுமையைப் பலரும் புகழ்கிறார்கள். எங்களுக்கோ அவர் செய்யாமல் தவிர்த்த வகுத்தல்களே அதிகம் வியப்பளிக்கின்றன.

இக்காலத்துக் கணிப்பொறி இவ்வெண்ணைக் கண்ணிமைக்கும் நேரத்தில் உடைத்துவிடும். ஆயினும் பல நூறு இலக்கங்கள் கொண்ட எண்களிடம் அதுவும் திணறுகிறது. பெருக்குவது எளிது, உடைப்பது அரிது என்னும் இந்த வேறுபாட்டையே பூட்டாக்கி, இரகசியச் செய்தி அனுப்பும் முறை ஒன்றை 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் அமைத்தனர். மெர்சென் குடும்பத்துப் பகா எண்களைத் தேடும் வேலையும் நிற்கவில்லை. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட எண் இரண்டின் 136,279,841-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தது. அதில் நான்கு கோடியே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் உள்ளன. அதனைப் பகா எண் என்று உறுதிசெய்ததும் லூக்காஸின் அதே தட்டிப் பார்க்கும் முறைதான்.

விடுமுறையில் செய்து பார்க்க விரும்புவோருக்கு ஒரு கணக்கு தருகிறோம். 2²⁹ − 1 = 536,870,911. இது மூன்று பகா எண்களின் பெருக்கம். 29-இன் இரு மடங்கு 58. ஆகவே 59-இல் தொடங்கி ஐம்பத்தெட்டு ஐம்பத்தெட்டாகக் கூட்டிக்கொண்டே போங்கள். முதற் காரணி நான்காம் எண்ணிலேயே அகப்படும். மூன்றாவது முப்பத்தாறாம் எண்ணில். நடுவில் உள்ளதை நாங்கள் சொல்வதாக இல்லை. பெருக்கிச் சரிபார்க்கும்போது பூச்சியம் வந்தால் ஓரிடம் தள்ளி எழுத மறவாதீர்கள்.